நல்ல பாதி

குன்றின் சரிவில் பச்சை படிந்த பாறை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் தாமிரம் காற்றும் மழையும் பட்டு வெளியே காட்டிய நிறம் அது. அதை நம்பி யாரோ முன்னொரு காலத்தில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினார்கள். கை ஓய்ந்ததும் போய்விட்டார்கள். பிறகு ஒரு கம்பெனி வந்து இரண்டு துளை போட்டுப் பார்த்துவிட்டு, தாது இருக்கிறது ஆனால் தோண்டக் கட்டுப்படியாகாது என்று எழுதிவைத்து மூட்டையைக் கட்டியது. அதற்கடுத்து வந்த கம்பெனிக்கு நிலவியலாளர் அண்ணி.

துளை போடும் இயந்திரத்தின் பம்பு மக்கர் செய்தபோது, பம்பு ஃபேக்டரியிலிருந்து பழுதுபார்க்க வந்தவன் அவளுடைய கொழுந்தன். அவன் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், டிரைவர் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

துளையிலிருந்து வரும் நீளமான உருளைக் கல்லைக் கோர் என்பார்கள். அதை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மறு பாதியைப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்கே பிளப்பது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது அண்ணியின் வேலை. தாது ஓடும் நரம்பு இரண்டு பாதியிலும் சரிசமமாக விழ வேண்டும். அதுதான் முறை.

முதல் துளையின் கோரில் தாமிரத் தாதுவின் மஞ்சள் நரம்பு ஒரு ஓரமாகவே ஓடியது. அண்ணி கோட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். நரம்பு முழுவதும் ஒரே பாதிக்குள் வந்துவிட்டது. ஏமாற்றும் எண்ணம் கிடையாது. போட்டோ எடுக்கும் முன் பிள்ளையின் தலையைக் கோதிவிடுவது போலத்தான் செய்தாள். "நல்ல பாதி போகட்டும்" என்று வாய்விட்டும் சொல்லிக்கொண்டாள்.

முடிவு பிரமாதமாக வந்தது. மேலும் துளைகள் போட உத்தரவானது. இரண்டாவது துளை சப்பென்று போனதும், ஒப்பிட்டுப் பார்க்க முதல் துளையின் பெட்டியைத் திறந்தாள். மிச்சமிருந்த பாதி மொட்டைச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பரிசோதனைக் கூடம் காட்டிய அளவில் பாதிதான் உண்மை. மூடிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் தன் மனைவியோடு வந்திறங்கினான். அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு நேரே சாப்பிட வந்திருந்தார்கள்.

"அண்ணி, நாளைக்கு ஃபேக்டரில வேலையை விடறேன்னு சொல்லிடப் போறேன். இனிமே நானும் உங்க குன்றுலதான்."

"நிரந்தர வேலைடா அது. யோசிச்சியா?" என்றான் அவளுடைய கணவன்.

"பம்பையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது? அண்ணியே தாமிரம் இருக்குன்னு சொல்லும்போது எனக்கென்ன யோசனை?"

அண்ணியின் கை சோற்றிலேயே நின்றது.

"தம்பி, வேலையை விடாதீங்க."

"ஏன், என்கிட்ட வேலை வாங்கப் பயமா?"

அவள் சிரிக்கவில்லை. கோட்டைத் திருப்பியதைச் சொன்னாள். மொட்டைப் பாதியைச் சொன்னாள். கணவன் தண்ணீர் செம்பை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான்.

கொழுந்தன்தான் கடைசியில் கேட்டான். "உங்க ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன அண்ணி? நான் தப்பிச்சுக்குவேன். அங்க இன்னும் துளை போட்டுக்கிட்டு இருக்கானே, அவனுக்கும் வீடு வாசல் இருக்குல்ல?"

அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்குள் மன்னிப்பு வாங்கிக்கொண்டு விஷயத்தை அதோடு முடிக்கத்தான் இருந்தோம் என்பது அவன் கேட்ட பிறகே அவளுக்கு உறைத்தது. கையைக் கழுவிவிட்டு மேலதிகாரியை அழைத்தாள்.

அவர் துளை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "மிச்சப் பாதியை நாளைக்கே அனுப்புங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் இனிமே கணக்கு. அனேகமா நிறுத்திடுவாங்க. உங்க விஷயம் என்னாகும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

"சரி சார்."

திரும்பி வந்தபோது கொழுந்தன் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மட்டும் வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"அந்த வாடகை வீட்டுக்காரர்கிட்ட வரலைன்னு சொல்லிடறோம்க்கா."

"மன்னிச்சுக்கம்மா."

"அவருக்குத்தான் தாமிரம், மெஷின் எல்லாம். நான் உங்க பக்கத்துல இருக்கலாம்னுதான் சரின்னேன். இப்ப இருக்கற ஊர்ல பேச்சுத் துணைக்கு யாருமில்ல."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மொட்டைப் பாதியைப் பைகளில் போடக் கோர் கொட்டகையில் தனியாக உட்கார்ந்தாள். கை தானாகவே ஒரு துண்டைத் தேடி எடுத்தது. அதன் விளிம்பில் கடுகளவு மஞ்சள் மின்னியது. அதை முதல் பையில் போட்டால் இந்தப் பாதியும் கொஞ்சம் நன்றாகத் தெரியுமே என்று மனம் சொன்னதை அவள் கவனித்தாள். துண்டை அதன் இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, பெட்டியின் மேல்முனையிலிருந்து வரிசையாக எடுக்கத் தொடங்கினாள்.