இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டர்

பூட்டுக்காரர் தம் வாழ்நாளில் எந்தத் திறப்பையும் நல்லெண்ணத்தோடு பார்த்ததில்லை. ஆகவே, வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று மனைவி சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஊருக்கெல்லாம் பூட்டு போடுறவன் வீட்டுல ஓட்டையா? கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"ஓட்டை இல்லைங்க, கதவு. அதுவும் ஒண்ணே ஒண்ணு. வெளியிலேர்ந்து இந்த எண்ணைச் சொல்லிக்கிட்டு வந்தா, ரவுட்டர் நேரா உங்க பூட்டுகிட்ட கூட்டிட்டுப் போகும். வேற எண்ணைச் சொன்னா முகத்துல அடிச்ச மாதிரி சாத்திடும்."

அவர் பார்த்துப் பார்த்துச் செய்த புதிய பூட்டு, கைப்பேசியின் கட்டளைக்குத் திறப்பது. நகரின் மறுகோடியில் எழும்பும் அடுக்ககத்தின் மேலாளர், மறுநாள் காலையில் தம் அலுவலகத்தில் இருந்தபடியே அதைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். திறந்தால், அடுக்ககத்தின் கதவுகள் அத்தனைக்கும் இவருடைய பூட்டு. திறக்காவிட்டால், எதிர்த்தெருக் கடைக்காரருடைய பூட்டு. அந்த மனிதரை நினைத்தாலே பூட்டுக்காரருக்கு வயிறு எரியும்.

மருத்துவமனையொன்றின் கணினிகளைக் கட்டி மேய்க்கும் மனைவி, மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாசல்ல மூணு பூட்டு. இங்க வந்து பாருங்க, வாங்கினப்ப இருந்த அதே கடவுச்சொல்! தெருவுல போறவன்கூட உள்ள வந்து காலை நீட்டிப் படுத்திருப்பான்."

மனைவி கடவுச்சொல்லை மாற்றினாள். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தாள். பூட்டுக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, அதற்கு மட்டும் வழிவிட்டாள். பிறகு தெருவில் போய் நின்று கைப்பேசியை அழுத்தினாள். படுக்கையறைக் கதவில் பொருத்தியிருந்த பூட்டு, சொன்னபடி கேட்டது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி இருக்கிற இந்தக் குட்டிப் பொத்தானை யாராவது அழுத்திப் பிடிச்சா, நான் செஞ்சது எல்லாம் அழிஞ்சுடும்."

அந்த எச்சரிக்கைதான் வினையாயிற்று. மறுநாள் காலையில் வெளியூரிலிருந்து பூட்டுக்காரரின் அக்கா வந்திறங்கினார். கையில் துணியின்றி அவரைக் கண்டவர் இல்லை. எதைக் கண்டாலும் தூக்கித் துடைத்துவிடுவார். அவர் ரவுட்டரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததுதான் தாமதம், பூட்டுக்காரருக்கு அந்தக் குட்டிப் பொத்தான் நினைவுக்கு வந்தது. அக்கா குளிக்கப் போன நேரத்தில், கடைக்கென்று செய்து வைத்திருந்த கனத்த இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டரை இறக்கி, கம்பிகள் நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புழுக்கம் தாங்காமல் அந்தச் சட்டையைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டினார். குளித்து வந்த அக்கா, பயணக் களைப்பில் அங்கேயே போய்ப் படுத்தார். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

குறித்த நேரத்தில், பூட்டுக்காரருடைய கைப்பேசியின் சிம் இணையம் வழியாக மேலாளர் வீடியோ அழைப்பில் வந்தார். பூட்டுக்காரர் வேறொரு சட்டையோடு கதவருகே நிமிர்ந்து நின்றார்.

"அழுத்துறேன்... ஒண்ணும் நடக்கலையே?"

"இன்னொரு தடவை அழுத்துங்க, சார்."

"அழுத்திட்டேன்."

உள்ளேயிருந்து வேறொரு குரல் வந்தது. "டேய்! இந்தக் கதவு ஏன்டா திறக்க மாட்டேங்குது? கைப்பிடியே காணோம்!"

"உள்ள யாரு?" என்றார் மேலாளர்.

"எங்க அக்கா, சார்."

மனைவி தன் மடிக்கணினியைப் பார்த்தாள். வைஃபை மருந்துக்கும் இல்லை. "ஏங்க, ரவுட்டரை என்ன பண்ணீங்க?"

"பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்க?"

அவர் இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

"அடக் கடவுளே! இரும்புக்குள்ள வச்சா அலை எப்படிங்க வெளிய வரும்? சாவி எங்க?"

"உள்ள, என் சட்டைப்பையில" என்று பூட்டுக்காரர் மூடிய கதவைக் காட்டினார். அந்தக் கதவில் சாவித்துளை கிடையாது. கீழே ஒரு தாள் நுழையும் இடைவெளி கிடையாது. இரண்டுமே அவர் பெருமையோடு செய்தவை.

"அண்ணி, அவர் சட்டைப்பையில ஒரு சாவி இருக்கு. ஜன்னல் வழியா தெருவுல போடுங்க!"

"போடுறேன். முதல்ல அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அழுக்குச் சட்டையை மாட்டி வச்சிருக்கான்!"

மேலாளர் கேட்டுக்கொண்டிருக்க, நகரின் பேர்பெற்ற பூட்டுக்காரர் கதவைப் பார்த்து, "தப்புதான்கா" என்றார். சாவி தெருவில் விழுந்தது. மனைவி ஓடி எடுத்துவந்து பெட்டியைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து மேலாளர் மறுபடி அழுத்தினார். பூட்டு க்ளிக்கென்றது. சட்டையை விரல்நுனியில் தூக்கிப் பிடித்தபடி அக்கா வெளிப்பட்டார்.

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. கட்டளை போகலைன்னா திறக்கவே திறக்காதுன்னு கண்ணால பாத்தாச்சு. ஆனா உள்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கணும். தீப்பிடிச்சா ஜனங்க உங்க அக்கா மாதிரி பேரம் பேசிக்கிட்டு நிக்க முடியாது."

"வச்சுடுறேன், சார்."

"இன்னொண்ணு. எங்க அடுக்ககத்துல ரவுட்டர் பக்கம் நீங்க போகவே கூடாது. இதை இவ்வளவு ஒழுங்கா அமைச்சது யாரு? அவங்க வர்றதா இருந்தா வேலை உங்களுக்குத்தான்."

பூட்டுக்காரர் எதிர்த்தெருக் கடையை ஒருகணம் நினைத்துப் பார்த்தார். பிறகு கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார்.

"சார் உன்கிட்ட பேசணுமாம்."

அவள் வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, மேலாளருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "வரேன்னு சொல்லுங்க. அந்தப் பெட்டியை முதல்ல கடைக்கு அனுப்புங்க."