புழுதி நிறத்தில் ஒரு வானம்

குவைத்தில், அப்பாசியா பகுதி பிளாட்டின் பால்கனியில் மர்ஜானா படம் வரைவதைக் கண்டாலே அவள் கணவனின் அக்கா ஜுலைஹா பீவிக்கு ஆகாது. ஒரே பிளாட்டில் இரண்டு குடும்பம். பால்கனிக் கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை. கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. தமிழ்ச் சங்கம் நடத்தும் போட்டியில் மர்ஜானாவின் படம் கண்காட்சிக்குத் தேறினால் பால்கனி அவளுக்கு. இல்லையென்றால் படம் வரையும் ஸ்டாண்டும் வண்ணங்களும் வீட்டை விட்டு வெளியே.

போட்டிக்கு ஒரே விதி. கடற்கரையில் நின்று, கண்ணெதிரே இருப்பதை அங்கேயே வரைந்து கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர்கள் ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் ஸ்டாண்டைத் தூக்கிப்போய், வெளிச்சம் மாறுவதற்குள் வரைந்தார்களே, அப்படி. அவர்கள் படங்கள் அச்சான புத்தகத்தைப் பார்த்துத்தான் மர்ஜானா எண்ணெய் வண்ணமே பழகினாள். ஆனால் ஒருநாளும் வெளியே நின்று வரைந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை கணவன் சாகிர் சாமான்களைச் சுமந்து வந்தான். வேடிக்கை பார்க்க ஜுலைஹாவும் வந்தாள். மர்ஜானா பளிச்சென்று நீல வானத்தைத் தீட்டி முடித்த நேரம், பாலைவனப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. கடல், படகு எல்லாம் ஒரே மங்கல் மஞ்சள். மற்றவர்கள் நீல வானத்தையே அவசரமாக முடித்துக் கொடுத்துவிட்டுக் கார்களுக்குள் ஓடினார்கள்.

“நீயும் குடுத்துட்டு வா புள்ள. நீலம் நல்லாத்தானே இருக்கு?” என்றாள் ஜுலைஹா.

“இப்ப அங்கன நீலம் எங்க இருக்கு மதினி?”

சொல்லிக்கொண்டே வண்ணம் குழைக்கும் கத்தியால், தீட்டியிருந்த வானத்தை வழித்தெடுத்தாள். “மச்சான், ஸ்டாண்டை விட்டுடாதீங்க.”

சாகிர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். “விடுறதா? கல்யாணத்தன்னைக்கு உன் கையக்கூட இவ்வளவு இறுக்கிப் புடிக்கல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சளும் சாம்பலும் குழைத்து அப்பினாள். சூரியனுக்கு ஒரு வெளிறிய தீற்றல். ஈர வண்ணத்தில் மணல் ஒட்டியது. முதலில் நகத்தால் எடுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, மணலின் மேலேயே தீட்டினாள்.

கண்காட்சி அரங்கின் நடுச்சுவரில் அந்தப் படம்தான் மாட்டியிருந்தது. முதல் பரிசு. நடுவராக வந்த குவைத்திப் பெண்மணி படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். அன்றைய வானத்தை வரைந்தவர் இவர் ஒருவர்தான் என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் ஜுலைஹா படத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“எங்க ஊட்டுப் புள்ள. நானும் கூடத்தான் நின்னேன். அந்த மணல் என் வாயிலயும் போச்சு.”

மறுநாள் காலை பால்கனியில் துணிக்கொடி இல்லை. ஜுலைஹா தன் அறை ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.