பருவமில்லாத பேரிப்பூ

கல்யாணமாகிக் கொரியாவின் நாஜு ஊருக்கு வந்த முதல் வருஷம், எங்கள் பேரித் தோட்டத்தில் நாள் தவறாமல் என் காதில் விழுந்த வார்த்தை ஒன்று உண்டு. ச்சொரொப்தா. சொல்கிறவர் என் நாத்தனார் பொகிம். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் என் கணவர் ஜொங்மான்.

பொகிம் அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்த்ததும் தோட்டத்தைக் காப்பாற்றியதும் அவர்தான். முற்றத்துக்கு எதிர்ப்பக்க அறையில் தனியாக இருந்தார். விடியும் முன்னே கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். பகலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றைக்கூட நின்றபடியே சாப்பிடுவார்.

என் கணவர் அப்படியே தலைகீழ். நாற்பதைத் தாண்டியவர், மருந்து தெளிக்கும் வண்டியில் நாயை முன்னால் உட்கார வைத்து அதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிடுவார். பிஞ்சு பிடித்ததும் காய் ஒவ்வொன்றுக்கும் பூச்சி விழாமல் காகிதப் பை கட்ட வேண்டும். நாங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து கட்டிக்கொண்டிருந்தால், இவர் மை பேனாவை எடுத்துப் பைகளில் முகம் வரைவார். ஊர்த் தலைவர், டிராக்டர் ரிப்பேர்க்காரர், நான். அண்ணி ஒருநாள் ஒரு பையின் முன்னால் நின்றுவிட்டார். அதில் இரண்டு புருவமும் ஒட்டிக்கொண்டு ஒரு முகம் முறைத்துக்கொண்டிருந்தது.

"இது யாருடா?"

"நீதான்க்கா. சிரிக்கிற மாதிரி போட்டா யாருக்கும் அடையாளம் தெரியாதே."

"ச்சொரொப்தா," என்றார் அண்ணி. அடுத்த பையைக் கட்டப் போய்விட்டார்.

எனக்கு அப்போது கொரிய மொழி அரைகுறை. வார்த்தையின் பின்பாதியான ஒப்தா தெரியும்: இல்லை. முன்பாதிதான் புரியவில்லை. அன்று சாயங்காலம் அந்த முன்பாதியை, ச்சொல் என்று, போனில் தேடினேன். முதலில் வந்த பொருள் இரும்பு.

இவருக்கு உடம்பில் இரும்புச் சத்து இல்லையா? வியட்நாமில், எங்கள் ஊரில், என் அம்மாவுக்கும் அதே கோளாறுதான். வெளிறிப் போய் படியேறினாலே மூச்சு வாங்குவாள். யோசித்துப் பார்த்தால் இவரும் மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கித்தான் போகிறார். பாவம், அக்கா தினமும் சொல்லியும் யாரும் கவனிக்கவில்லையே என்று நினைத்தேன். மறுநாளே சந்தைக்குப் போய் மாட்டு ரத்தக் கட்டி வாங்கிவந்து சூப் வைத்தேன். அடுத்த நாள் மட்டி. அதற்கடுத்த நாள் ஈரல். திரும்பவும் ரத்தம். அவர் ஒரு பேச்சும் பேசாமல் சாப்பிட்டார். வியட்நாமில் புது மாப்பிள்ளைக்கு இப்படித்தான் போடுவார்கள்போல என்று நினைத்தாராம்.

கடைசியில் கேட்டது அண்ணிதான். தோட்டத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா லுவா, சந்தைல ரத்தம் விக்கிற அம்மா என்னப் பாத்து, உங்க வீட்டுல யாருக்கு ஆபரேஷன்னு கேக்குறா. என்னடி நடக்குது?"

"அவருக்குத்தான் அண்ணி. இரும்பு இல்லன்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க."

அண்ணி என்னையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு கையிலிருந்த பெட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கினார். அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

"அந்த ச்சொல் இல்லடி இது," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது பருவம். வசந்தம், கோடை, அந்தப் பருவம். மனுஷனுக்கும் உள்ள அது இருக்கணும்ல? எப்ப சிரிக்கணும், எப்ப வாய மூடணும், எப்ப என்ன செய்யணும்னு. அது வந்துட்டா, பருவம் உள்ள நுழைஞ்சிருச்சுன்னு சொல்வோம். இவனுக்கு நுழையவே இல்ல. வெளியவே நிக்குது."

வார்த்தை பிடிபட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் மெக்கோங் ஆற்றுக் கழிமுகத்தில் பிறந்தவள். எங்களுக்கு மழை, வெயில் இரண்டுதான். இங்கே வந்து முதல் பனியைப் பார்த்தபோதுகூட அவ்வளவு ஆச்சரியம் இல்லை. வெளியே மரத்துக்கு நடப்பதே மனுஷனுக்குள்ளும் நடக்கிறது என்று, திட்டும் வார்த்தையிலேயே வைத்திருக்கிறார்களே இவர்கள்.

அந்த வருஷம் சுசொக் என்கிற அறுவடைப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் புயல் அடித்தது. அறுவடைக்குக் காய் தயாராக இருந்த நேரம். பேரிக் கிளைகளைப் படரவிட்டிருந்த கம்பிப் பந்தல் ராத்திரி முழுக்க ஊளையிட்டது. காலையில் கதவைத் திறந்தால் தோட்டத்துத் தரை முழுக்கக் காகிதப் பைகள். பை கிழியாமல் உள்ளே நசுங்கிப்போன பழங்கள். பைகளில் இருந்த ஊர்த் தலைவர், டிராக்டர்காரர், நான், எல்லாரும் சேற்றில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரத்தில் இலைகூட அதிகம் மிஞ்சவில்லை. கடல் காற்றின் உப்பு பட்டு, தப்பிய இலைகளும் ஒரு வாரத்தில் கருகி விழுந்தன.

அண்ணி குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். என் கணவரும் அவர் பக்கத்தில் குனிந்தார். அன்று அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைகூட வரவில்லை. சாறு பிழிய உதவும் பழங்களைப் பிரித்துக் கொடுத்தோம். மீதியைக் குழிவெட்டிப் புதைத்தோம். பண்டிகை வந்தது, போனது.

அதற்குப் பிறகு ஒரு காலை. வெயில் இளஞ்சூடாக இருந்தது. துணி காயப்போட முற்றத்துக்கு வந்த நான் தோட்டப் பக்கம் திரும்பினேன். பந்தல் வெள்ளையாக இருந்தது. கிழிந்த காகிதம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு பனியோ என்று பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நெல் பொன் நிறத்தில் சாய்ந்து கிடக்கிறது, சீமைப் பனிச்சை மரத்தில் பழம் சிவந்து தொங்குகிறது. பனி எப்படி வரும்?

கிட்டே போனேன். பூ. ஒரு கிளையில், ஒரு மரத்தில் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் பூ. இலையற்ற கறுத்த கொம்புகள் மேல் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக விரிந்து, தலைக்கு மேலே ஒரு கூரையாகவே ஆகியிருந்தன. எங்கிருந்து தெரிந்துகொண்டனவோ, தேனீக்கள் வந்துவிட்டிருந்தன. தோட்டமே மெல்ல முனகியது. பேரிப்பூவுக்கு மல்லிகை மாதிரி மணம் கிடையாது. மீன் கழுவிய தண்ணீரின் வாடை லேசாக அடிக்கும். ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அந்த வாடை பிடிக்கும். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். கோயிலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் மாதிரி செருப்பைக் கழற்றினேன்.

எனக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றிருந்தார்.

"பருவமில்லாத பூ," என்றார் தணிந்த குரலில். அதே வார்த்தை. தம்பிக்குச் சொல்கிற அதே வார்த்தையைப் பூவுக்கும் சொன்னார்.

"எப்படி அண்ணி இது?"

"இல எல்லாம் கொட்டிருச்சுல்ல. குளிர்காலம் போயிருச்சுன்னு மரம் நெனச்சுக்கிச்சு. லேசா வெயில் அடிச்சதும் வசந்தம்னு எழுந்திருச்சு." ஒரு கொத்தை விரலால் தொட்டார். "இது அடுத்த வசந்தத்துக்கு வச்சிருந்த மொட்டுடி. இப்பப் பூத்துட்டா அப்பப் பூக்காது. இது காயும் ஆகாது, குளிரு வந்து கருக்கிரும்."

இந்த வருஷப் பழம் போயிற்று. அடுத்த வருஷப் பூவும் இதோ போகிறது. அது புரிந்தபின்னும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த அழகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது சரசரவென்று சத்தம். என் கணவர் பாயை இழுத்துக்கொண்டு வந்தார். கக்கத்தில் மக்கொல்லி அரிசிக் கள் பாட்டில், கையில் அலுமினியக் கிண்ணங்கள். பந்தலுக்கு நட்ட நடுவில் பாயை விரித்தார்.

"அக்கா, வந்து உக்காரு."

அண்ணியின் முகம் மாறியது. "உனக்கு மூள இருக்காடா? பழத்தப் புதைச்ச குழி இன்னும் ஈரம் காயல. அடுத்த வருஷம் என்ன திம்போம்னு தெரியல. கள்ளு குடிக்கப் பாய் விரிக்கிற."

"என்னத் திட்டு, வேணாம்னு சொல்லல. ஆனா நாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டா பூ மறுபடி மொட்டுக்குள்ள போயிருமா?"

"வேல கெடக்கு."

"என்ன வேலக்கா?" என்றார் அவர். கேலி இல்லாமல் கேட்டார். "சொல்லு. என்ன வேல இருக்கு?"

அண்ணி தோட்டத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். வசந்தத்தில் பூ விரிந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பூ நிற்பது சில நாள்தான். அதற்குள் குச்சி நுனியில் பஞ்சைக் கட்டி, மகரந்தத்தைத் தொட்டு, கொத்துக் கொத்தாகத் தடவியாக வேண்டும். இந்தப் பூவுக்கு மகரந்தம் தடவி ஆகப்போவது ஒன்றுமில்லை. பறிக்க வேண்டாம், கிள்ள வேண்டாம், கட்ட வேண்டாம்.

அண்ணி வெயில் தொப்பியைக் கழற்றினார். இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் புல்லில் வைத்தார். பாயின் ஓரத்தில், யாரோ வீட்டு விருந்தில் உட்காருகிற மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தார். என் கணவர் கிண்ணத்தை நீட்டியதும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"எத்தன வருஷமா இந்தப் பூவ பஞ்ச வச்சுத் தொட்டுக்கிட்டிருக்கேன்," என்றார். "ஒரு நாளும் பாத்ததில்லடி."

என் கணவர் அவர் கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்.

"அம்மா செத்தப்ப எனக்குப் பதினாலு. பார்லி அறுத்துக்கிட்டிருந்த சமயம். இவன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான். மறுநாள் காலைல எழுந்து அடுப்பு மூட்டுனேன். அவ்வளவுதான் செஞ்சேன். துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் என் தலையத் தடவி, இந்தப் புள்ளைக்குப் பருவம் நுழைஞ்சிருச்சு, இனி கவல இல்லன்னாங்க. ஊரே மெச்சுச்சு." கிண்ணத்தை உள்ளங்கையில் உருட்டினார். "எனக்கு அன்னைக்கி அடுப்படில உக்காந்து கத்தி அழணும்போல இருந்துச்சு. மெச்சிட்டாங்களே, எப்படி அழறது?"

என் கணவர் தலை குனிந்திருந்தார். இந்தக் கதை அவருக்கும் புதிது என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

"எனக்குச் சேர வேண்டிய வெளையாட்டையும் சேத்து இவன் வெளையாடித் தீத்துட்டான்," என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. பாயில் மெல்லச் சாய்ந்தார். மல்லாந்து படுத்து மேலே பார்த்தார். வெள்ளைக் கூரையின் இடுக்குகளில் இலையுதிர்காலத்து நீல வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிவிட்டார்.

பகல் வெளிச்சத்தில், பாயில், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினார். காற்று அசைந்தபோது இதழ்கள் அவர் நெற்றியிலும் கழுத்திலும் விழுந்தன. தூக்கத்தில் அந்த ஒட்டிய புருவங்கள் பிரிந்திருந்தன. ஐம்பது தாண்டிய அந்த முகத்துக்குள்ளிருந்து பதினாலு வயதுப் பெண் ஒருத்தி மேலே வந்து மூச்சுவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பூத்த செய்தி கேட்டு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வேலியோரம் வந்தார்கள். டிராக்டர்காரர் ஏதோ கத்திக்கொண்டே வந்தவர், பாயைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"பொகிமா அது?" என்றார் கிசுகிசுப்பாக. "உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"தூங்குறாங்க," என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பூவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். ஒருவரும் போனில் படம் எடுக்கவில்லை. வெயில் சாய்கிறவரை யாரும் அவரை எழுப்பவில்லை.

பூக்கள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. முதல் உறைபனியில் பழுப்பாகி உதிர்ந்தன. அண்ணி சொன்னபடியே அடுத்த வசந்தத்தில் கிளைக்கு ஒன்றிரண்டு கொத்துதான். என் கணவர் அந்த வருஷம் வேறொருவரின் பழக் கிடங்கில் வேலைக்குப் போனார். நான் வெள்ளரி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குக் கூலிக்குப் போனேன். கஷ்டப்பட்டுத்தான் தாண்டினோம். அதற்கடுத்த வருஷம் மரங்கள் தேறிவிட்டன. காய்களும் நன்றாகப் பிடித்தன.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் என் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது, அண்ணி தானும் வருவதாகச் சொன்னார். கேட்டு எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. விமானத்தில் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

என் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரம் ஒரு பம்பளிமாஸ் மரம் உண்டு. வந்த மறுநாள் காலை அண்ணியைக் காணோம் என்று தேடிப்போனால் அதன் அடியில் நின்றிருந்தார். ஒரே கிளையில் வெள்ளைப் பூவும், கோலிக்குண்டு அளவு பிஞ்சும், தலையளவு பழமும் தொங்கின. ஒரு கையைப் பூவிலும் மறு கையைப் பழத்திலும் வைத்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"லுவா, உங்கம்மாகிட்ட ஒண்ணு கேளேன்," என்றார் அண்ணி, கண்ணை எடுக்காமல். "இந்த மரத்த இங்க யாரும் திட்ட மாட்டாங்களா?"

நான் கேட்டேன். அம்மா அண்ணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மரத்தப் போய் எதுக்குத் திட்டணும்?" என்றாள். ஒரு பழத்தைத் திருகிப் பறித்து அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, வாசலைப் பெருக்கப் போனாள்.