சிறுவாணிக் கட்டுரையும் கால் கிலோ மிளகாயும்

ஆறுச்சாமி அந்த ஆண்டு மலரை சஃபியாவின் மேசையில் போட்ட வேகத்தில் மலருக்கே வலித்திருக்கும்.

"படிச்சுப் பாருங்க அம்மணி. என்ற சிறுவாணிக் கட்டுரை அப்படியே இருக்குது. பேரு மட்டும் வரதராஜுலு."

சஃபியா கோவையில் ஒரு சிறிய பதிப்பகத்தின் பிரதி திருத்துநர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஆறுச்சாமியின் முதல் புத்தகம் திருத்தத்துக்காக அவர் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் கட்டுரையே சிறுவாணித் தண்ணீரைப் பற்றியதுதான். முன்பு ஒரு வார இதழில் வந்திருந்த அதை, ஆறுச்சாமியோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் வரதராஜுலு தன் குடியிருப்பின் ஆண்டு மலரில் சொந்தப் பெயரில் போட்டுவிட்டார்.

"இப்ப புத்தகம் வந்தா, நான்தான் அவரப் பாத்து எழுதுனேன்னு ஊரே சொல்லுமுங்க."

சஃபியா இரண்டையும் ஒப்பிட்டார். 'என் மனைவி ராமாமணி சிறுவாணித் தண்ணீரில் வைக்கும் ரசம்' என்ற வரியைக்கூட வரதராஜுலு மாற்றவில்லை.

"அவரு ஊட்ல போயி நான் எப்பங்க ரசம் வெச்சேன்?" என்றார் உடன் வந்திருந்த ராமாமணி. "நாளைக்கு ஆனைமலை போறோமுங்க. மாசாணியம்மனுக்கு மொளகா அரைக்கோணுமாம். போன வருசம் ஸ்கூட்டர் திருடு போனப்பக்கூட இவருக்கு இத்தனை கோவம் வரல."

பொருளைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். எடுத்தவருக்கு எரியும் என்பது நம்பிக்கை.

"போயிட்டு வாங்க," என்றார் சஃபியா. "அதுக்கு முன்னால ஒரு சந்தேகமுங்க சார். 'உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர்'னு எழுதியிருக்கீங்க. யாருங்க சொன்னது?"

"எல்லாருஞ் சொல்றதுதானுங்க."

"மொதலாவது எதுங்க?"

ஆறுச்சாமி மின்விசிறியைப் பார்த்தார். "அது வேற நாட்டுலீங்க."

"அப்புறம் மழை மலையிறங்கி வர்ற இந்த மூணாவது பத்தி. மத்ததெல்லாம் நீங்க பேசற மாதிரியே இருக்குது. இது மட்டும் சட்டைய இன் பண்ணிட்டு நிக்குதுங்க."

"அதுவும் என்றதுதான்."

"சரிங்க. காணாமப் போனது எதுன்னு அங்க அம்மன்கிட்டச் சொல்லோணுமில்லீங்களா, அதான் கேட்டேன்."

மறுநாள் கோயிலில் கூட்டம். ஆறுச்சாமிக்கு முன்னால் நின்ற பெண், "என்ற வெள்ளாடுங்க தாயி, ரெண்டும் கறுப்பு," என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அரைக்க உட்கார்ந்தாள். ஆறுச்சாமி கைகூப்பினார். "என்ற கட்டுரைங்க தாயி," என்று தொடங்கி, மனதுக்குள் அதை ஒப்பித்தார். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டார்.

அது மின்வாரியத்தில் உடன் வேலை பார்த்த கலீல் ரஹ்மான் அலுவலக மலரில் எழுதியது. ஆறுச்சாமிக்குப் பிடித்துப்போய், பலரிடம் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் யார் எழுதியது என்பதே மறந்துவிட்டது. எடுத்தவனுக்கு எரியட்டும் என்று வேண்டினால், அம்மன் வடவள்ளியில் இருக்கும் வரதராஜுலுவிடம் போகும் முன் இங்கேயே ஒரு வேலையை முடித்துவிடுவாள்.

"ஏனுங்க, அரைக்கலீங்களா?" என்றார் ராமாமணி.

"காரம் சாஸ்தியா இருக்கும்போல."

"யாருக்குங்க?"

பிரிக்காத கால் கிலோ மிளகாய்ப் பையோடு திரும்பினார்கள். பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தி கலீல் ரஹ்மானுக்குப் போன் செய்தார்.

"வார இதழ்லயே பாத்தனுங்க," என்றார் அவர். "யாரோ அச்சு அசலா நம்மள மாதிரியே எழுதறாங்களேன்னு சந்தோசப்பட்டேன். கீழ பேரப் பாத்ததும் சந்தோசம் கொஞ்சம் கொறஞ்சுபோச்சு. பரவால்ல, போட்டுக்குங்க. என்ற பேரையும் சேத்திப் போடுங்க."

அடுத்த போன் சஃபியாவுக்கு. அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"மேற்கோள் குறிக்குள்ள போட்டு, அவரு பேரும் மலரோட பேரும் அடியில குடுத்தர்றேனுங்க. அந்த ரெண்டாவது தண்ணி?"

"எங்கூர்ல அப்படிச் சொல்லிக்குவோம்னு போடுங்க அம்மணி. அது பொய்யில்லீங்களே."

வியாழக்கிழமை காலை வரதராஜுலு நடைப்பயிற்சிக்கு வரவில்லை. நேராக வீட்டுக்கே வந்தார். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"ஆனைமலை போனீங்களாமா? அன்னிக்கு மத்தியானத்துலருந்து வயிறு எரியுதுங்க. பேரு மாறிப்போச்சுன்னு குடியிருப்பு குரூப்புல இன்னைக்கே போட்டர்றேன். அடுத்த மலர்லயும் திருத்தம் வரும். எப்படியாச்சும் கல்லுல பூசுன அந்த மொளகாயக் கழுவி உட்ருங்க."

அரைக்கவே இல்லை என்று சொல்ல ஆறுச்சாமி வாயைத் திறந்தார். சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

"இப்பத்தானுங்க அரைச்சுட்டிருக்கறேன்!" என்றது ராமாமணியின் குரல்.

வரதராஜுலு இன்னொரு கையையும் வயிற்றில் வைத்தார்.

"திருத்தத்துல ஒண்ணு சேத்திக்குங்க," என்றார் ஆறுச்சாமி. "மூணாவது பத்தி கலீல் ரஹ்மான் சாரோடது. நானே பேரு போடாம எடுத்ததுங்க. மிச்சம் என்றது. ரசம் ராமாமணியோடது."

ராமாமணி தோசைத் தட்டோடு வந்தார். ஓரத்தில் சிவப்பாகச் சட்னி.

"உக்காருங்கண்ணா, சாப்புட்டுப் போலாம். ஆனைமலை வரைக்கும் போயிட்டு வந்த மொளகாய்ங்க."

வரதராஜுலு அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.