இரண்டு தண்ணீர் அலசிய வேட்டி

சித்தப்பாவின் உடம்பைக் குளிப்பாட்ட, பூரணி சீயக்காய்த் தூளைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது, ஆம்பூரிலிருந்து வந்த லாரி தெருமுனையில் நின்றது. தோல் பதனிடும் ஷாப் ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் குதித்து இறங்கினார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று நகம் வெந்துபோன கால்கள். எல்லாருக்கும் கடைசியாக, பின்பலகையைப் பிடித்து மெல்ல இறங்கினார் கவுஸ் பாஷா. அக்குளில் ஒரு செய்தித்தாள் பொட்டலம்.

அவர் வாசல்வரை வரவில்லை. எதிரே கரண்ட் கம்பத்தடியில் நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கங்காதரன் சித்தப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர், யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவர் மாதிரி நின்றார். வேலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவரும் அவர்தான். நேற்று உடம்பைக் குடியாத்தத்துக்கு ஏற்றும்போது, "வேன்ல எடம் இல்ல பாய்" என்று அப்பா சொல்லிவிட்டார். இடம் இருந்தது. பூரணி பார்த்தாள்.

தோல் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் பந்தலில் நின்று பேசினார். கங்காதரன் போராடாவிட்டால் குழியில் இறங்குகிறவன் காலுக்கு ரப்பர் பூட்ஸ் வந்திருக்காது என்றார். அது நிஜம். இந்த வருஷ மாநாட்டில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது முதல் பெயர் அவருடையதுதான் என்றார். அதுவும் சரி. பிறகு குரல் உடைந்து, "தோழர் தனக்குன்னு யாரையும் வச்சிக்கல. கடைசிவரைக்கும் தனியாவே வாழ்ந்துட்டாரு" என்றார்.

தனியாகவா? பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீவுக்கு ஆம்பூர் போனபோதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். சேர்த்துப் போட்ட இரண்டு கட்டில்கள், ஒரே கொசுவலை. சித்தப்பா சங்கத்திலிருந்து திரும்பும்வரை பாய் மாமா சாப்பாட்டைத் தொடமாட்டார். சந்தில் சைக்கிள் மணி கேட்டதும் அவர் முகத்தில் ஒன்று வரும். அம்மாவின் முகத்தில் அப்பாவுக்காக அது ஒரு நாளும் வந்து அவள் பார்த்ததில்லை. தன்னை எதிர்பார்த்து ஒரு முகம் அப்படி மாறுமா என்று, பி.ஏ. முடித்த இந்த வயதிலும் அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

குளிப்பாட்டி முடித்தார்கள். பங்காளிகளில் மூத்த பரந்தாமன்தான் முறை சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணன் கோடி" என்று அவர் புதுத் துணியைக் கேட்டதும் அப்பா நந்தகோபால் தறியறையிலிருந்து வெள்ளை வேட்டியோடு வந்தார். சித்தப்பா இனி பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, தறியிலிருந்த லுங்கிப் பாவு நூலை இறக்கிவிட்டு வெள்ளைப் பாவு ஏற்றி அவரே நெய்தது. அதைக் கட்டினார்கள். கஞ்சி விறைப்பில் வேட்டி படியாமல் நின்றது.

"பொண்ணு குடுத்த வூட்டுக் கோடி இருந்தா எடுத்தாங்க!" என்று பழக்கத்தில் கூவிவிட்டு, பரந்தாமன் கையை உதறினார். "கட்டியிருந்தாதானே வரும். ஆவட்டும், மாலையப் போடுங்க."

"இருக்குது" என்றாள் பூரணி.

"இன்னாது?"

அவள் அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள். பாஷா பின்வாங்கினார். "வேணாம் கண்ணு. நீயே எடுத்துனு போய் கால்மாட்டுல வச்சிடு. அது போதும் எனக்கு."

"நீங்கதான் குடுக்கணும் மாமா."

"அங்க நான் யாரும்மா?"

"அதைத்தான் எல்லாரும் பாக்கட்டும்." மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தாள். சித்தப்பாவின் கை மாதிரியே சுண்ணாம்பில் வெடித்த கை.

"பி.ஏ. படிச்சா முறை மறந்துபூடுமா?" என்றார் பரந்தாமன். "பாய் எந்த முறைல கோடி போடுவாரு?"

"நாப்பது நாளு எந்த முறைல மூத்திரம் அள்ளிக் கொட்னாரோ, அந்த முறைல. நீங்க ஒரு தபா வந்து பாத்தீங்களா பெரியப்பா?"

பரந்தாமன் பாஷாவின் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தார். தொட்டதுமே அவர் முகம் சுளித்தது. நெசவுக்காரர் விரல். "இது அலசுன துணி. தண்ணி பட்ட துணி கோடி ஆவுமா? செத்தவனுக்குப் பழசு கொண்டாந்திருக்காரு!"

"பழசு இல்லீங்க." பாஷா பதறினார். "நேத்து வாங்கனதுதான். புதுசு அப்படியே கட்டுனா அவருக்கு இடுப்பு புண்ணாயிடும். சுண்ணாம்பு தின்ன தோலுங்க. எப்பவும் ரெண்டு தண்ணி அலசித்தான் குடுப்பேன். கோடின்னா அலசக்கூடாதுன்னு எனக்குத் தெரியாம…" கையைப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கை அதும்பாட்டுக்கு அலசிடுச்சுங்க."

சங்கத்துத் தலைவர் தரையைப் பார்த்தார்.

அப்பா வந்து வேட்டியை வாங்கினார். நூல் தரம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பூரணி, உள்ள போ."

"எப்பா, நீயும்…"

"போன்னு சொல்றேன்ல." பிறகு ஆண்களிடம், "ஒரு போர்வை புடிச்சி மறைங்கப்பா. கட்டு சரியில்ல" என்றார்.

அவள் திரும்பி வந்தபோது சித்தப்பாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் மாலையும் செங்கொடியும். பாஷாவின் கையில் வெறும் செய்தித்தாள். வேட்டியை எங்கே வீசினார்களோ. அவள் அப்பாவை முறைத்தாள். அவர் பாடையின் முன்கொம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். ஊர்வலத்தின் கடைசியில், நாலடி தள்ளி, பாஷாவின் வெள்ளைத் தொப்பி போய்க்கொண்டிருந்தது. பறைச் சத்தம் ஓயும்வரை பார்த்துவிட்டு, வீடு கழுவத் திரும்பினாள்.

தறியறையைப் பெருக்கும்போது தறிக்குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து எடுத்தாள். நாலாக மடித்த வேட்டி. விறைப்பாக, முனை மழுங்காமல் இருந்தது. அப்பா நெய்து சித்தப்பாவுக்குக் கட்டியது.

மறைத்துப் பிடித்த போர்வையும் பாஷா கையிலிருந்த வெறும் செய்தித்தாளும் நினைவுக்கு வந்தன. பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியில் வேட்டியை முக்கினாள். தண்ணீர் கஞ்சியோடு வெளுத்து வந்தது. அதைக் கொட்டினாள்.

"யாருக்குடி அது?" என்றாள் அம்மா பங்கஜம்.

பூரணி கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டாள், இரண்டாம் தண்ணீருக்கு.