வெள்ளை நூல் பூ

"சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்து உக்காந்திருக்கயில ஏண்டி என் மானத்த வாங்குன?"

உடையப்பக் கங்காணி விட்ட அறையில் வீரம்மா அம்மிக்கல்லின் மேல் போய் விழுந்தாள். முன்கூடத்தில் தெலுக் ஆன்சனிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் அடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கங்காணியின் கவலை.

வீரம்மா அவனுடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. வயது இருபத்திரண்டு. கங்காணி மகளுக்கு நிச்சயம் நடக்கிற வீட்டில் முகம் காட்டாமல் அடுப்படியிலேயேதான் கிடந்தாள். கை கழுவப் பின்பக்கம் வந்த மாப்பிள்ளையின் தாய் காளியம்மா அவள் புடவையைப் பார்த்துவிட்டாள். வெள்ளைப் புடவைதான். ஆனால் கரை நெடுக வெள்ளை நூலிலேயே பூ வேலை. கூடத்துக்குத் திரும்பிய காளியம்மா, "ஒங்க வீட்டுல அறுத்தவ பூச்சேல கட்டுவாளோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

இவர்கள் வகையில் தாலியறுத்தவளுக்கு மறுதாலி கட்டுவது சொந்த ஊரில் சாதாரணம். உடையப்பனைப் பெற்றவளே இரண்டாம் தாலிக்காரிதான். கடல் தாண்டிப் பேராக்குக்கு வந்து, பால்மர ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாகி, துரைக்கு முன்னால் தலைப்பாகை கட்டி நின்ற பிறகுதான் அவனுக்குப் பெரிய சாதி ஆசாரமெல்லாம் வேண்டியிருந்தது. கட்டுச்சோற்றோடு சாதியையும் மூட்டை கட்டிக் கப்பலேறியவர்கள், வந்த இடத்தில் அதற்கு உரமும் போட்டார்கள். தம்பி காய்ச்சலில் போனதும் வீரம்மாவுக்கு வெள்ளை உடுத்தினான். நாலு தோட்டத்தில் பேர் வாங்கினான். அந்தப் பேரைக் கேட்டுத்தான் இந்தச் சம்பந்தமே வந்திருக்கிறது.

வீரம்மாவுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஸ்டானிஸ்லாஸின் மனைவி கத்தரின். ஈப்போ கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். காம்புத் தையலில் கொடி ஓட்டவும், சங்கிலித் தையலில் இலை வளைக்கவும், ஊசியில் நூலைச் சுற்றி இழுத்து முடிச்சு முடிச்சாகப் பூ நிறைக்கவும் வீரம்மா படித்துக்கொண்டாள். தலையணை உறையில் பச்சையும் சிவப்புமாக அவள் தைத்த கிளியின் மேல்தான் கங்காணி தினமும் தலைவைத்துத் தூங்குகிறான். அதில் தோஷமில்லையாம்! தனக்கென்று தைக்கும்போது மட்டும் மாவுச் சாக்கில் உருவிய வெள்ளை நூலை எடுத்துக்கொண்டாள். புருஷன் போனபின் அவளுடையது என்று சொல்ல அந்தக் கரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பிரிடி. வெறுஞ்சேலைதான்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பவே பிரி."

"வெள்ளதானே மாமா? இதுல நெறம் எங்க இருக்கு?"

இடுப்பில் உதை விழுந்தது. கங்காணியின் மனைவி ராக்காயி அடுப்படிக் கதவைச் சாத்தினாள். "பிரிச்சுத் தொலயேண்டி. எம்பொண்ணு கலியாணம்லா."

"எனக்கு இது ஒண்ணுதாங்க்கா இருக்கு. கொன்னாலும் பிரிக்க மாட்டேன்."

கங்காணி குந்தி உட்கார்ந்து அவள் புடவைக் கரையைப் பற்றினான். தம்பி பெண்டாட்டியின் நிழல்கூட மூத்தவன் மேல் படக்கூடாது என்ற ஆசாரம் அப்போது அவனுக்கு மறந்துபோயிற்று. சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியை அவிழ்த்து இழுத்தால் வரிசை முழுவதும் ஓடிவந்துவிடும். அப்படித்தான் வந்தது. இலைகளெல்லாம் ஒரே நூலாய் அவன் கையில் சுருண்டன.

முடிச்சுகள் மட்டும் வரவில்லை. இழுக்க இழுக்க இறுகின. நகத்தால் கிள்ளினான், பல்லால் கடித்தான். பிறகு சுவரில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை உருவினான்.

"வேணாம் மாமா!"

கத்தி பூவின் மேல் இறங்கியபோது வீரம்மா உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள். கையை எடுக்கச் சொல்லி அவள் மண்டையில் குத்தினான். அவள் எடுக்கவில்லை. மரத்தைக் கீறிப் பழகிய கை அவனுடையது. ஒரே இழுப்பில் மூன்று விரல்கள் எலும்பு தெரியப் பிளந்தன. ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தம் கரையில் வடிந்து, முடிச்சு நூலில் ஊறிப் பூ ஒவ்வொன்றாகச் சிவந்தது.

கங்காணியும் ஒரு கணம் பயந்துதான் போனான். அந்த நேரத்தில் வீரம்மா எழுந்தாள். பின்கதவு திறந்தே கிடந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை. அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு, கைம்பெண் கால் வைக்கக் கூடாத நிச்சயக் கூடத்தின் நடுவே போய் நின்றாள்.

"பாத்துக்கங்க. வெள்ளப் பூவு நான் போட்டது. செவப்பு எங்க பெரிய மாமா போட்டது. நான் கத்தரின் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

யாரும் தடுக்கவில்லை. அவள் முன்வாசலிலேயே இறங்கி நடந்தாள். தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது.

கங்காணி ஓடிவந்து காளியம்மாவின் முன் கைகட்டி நின்றான். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தான். காளியம்மா குனிந்து ஒரு சொட்டை விரலால் தொட்டு, தேய்த்துப் பார்த்தாள்.

"ரத்தந்தானா? நான் சாயச் சேல கட்டிட்டாளோன்னு பதறிப்போனேன் சம்பந்தி," என்றாள். "தட்ட மாத்திக்கலாம், நல்ல நேரம் போவுது."