கிழித்துப்போட்ட முதல் பக்கம்

கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தங்கை. மேடையில் அத்தான். அக்காவின் கணவர், இவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே தலைவர். பக்கத்திலுள்ள ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றும் பாறைக் கோளைத் தான் கண்டுபிடித்த கதையை அளந்துகொண்டிருந்தார். பதினோரு நாளைக்கு ஒரு சுற்றாம். கோள் இழுக்க இழுக்க நட்சத்திரம் லேசாக ஆடுகிறதாம். மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பிடித்தவள் இவள். அவர் பிடித்தது இவளுடைய ஆய்வுக் கோப்பைத்தான்.

"பேரு வெளியிலயா போச்சு? குடும்பத்துக்குள்ளதானேடி இருக்கு," என்று விஷயம் தெரிந்த அன்றைக்கு அக்கா சமாதானம் சொன்னாள். இவளுக்கு வயிறு எரிந்தது. அந்த நெருப்பை அணையவிடாமல் நாலு மாதம் அதிலேயே குளிர் காய்ந்தாள்.

கோப்பின் முதல் பக்கத்தில் இவள் பெயர் இருந்தது. பெயரைக் கண்டதும் அத்தான் அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார், அவசரக்குடுக்கை. கீழே இருந்ததைப் படிக்கவில்லை: 'அகச்சிவப்பில் சரிபார்க்கும்வரை இதை நம்ப வேண்டாம்.' நட்சத்திரத்தின் மேல் ஒரு கரும்புள்ளி சுழன்று வந்தாலும் கோள் இருப்பதுபோலவே ஆட்டம் காட்டும். ஆனால் புள்ளி காட்டும் ஆட்டம் அகச்சிவப்பு ஒளியில் குறைந்துவிடும். கோளின் ஆட்டம் எந்த ஒளியிலும் குறையாது. வேறொரு தொலைநோக்கியில் அந்தச் சோதனையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தாள். விடை வந்த அன்று குமுறி அழுதாள். செத்தது அவள் கோளும் அல்லவா? பிறகு முகம் கழுவிக்கொண்டு வரைபடங்களை அச்செடுத்தாள்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார் அத்தான் பெருந்தன்மையாக.

தங்கை எழுந்தாள். தாள்கள் வரிசை வரிசையாகக் கைமாறின. "அகச்சிவப்புல பார்த்தேன். ஆட்டம் கால்வாசிகூட இல்ல. அது கோள் இல்ல அத்தான், கரும்புள்ளி."

அத்தான் ஒலிவாங்கி முன்னால் நிற்பதையே மறந்து கத்தினார்: "அந்தக் கணக்கு முழுக்க நீ போட்டதுதானே! என்னை ஏன் கேக்கறே?"

இதை அவர் வாயால் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள்.

"ஆமா, நான் போட்டதுதான்," என்று, குப்பைக்கூடையிலிருந்து அன்றே பொறுக்கி வைத்திருந்த அந்தக் கிழிந்த பக்கத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினாள். "வேலை இன்னும் முடியலன்னு இதுல எழுதியிருந்தேன். நீங்க செஞ்சது இதைக் கிழிச்சது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். முன்வரிசையிலிருந்த அக்கா வாசல்வரை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "நாலு பேருக்கு முன்னாடி எங்க மானத்தை வாங்கிட்டியேடி!"

தங்கை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வாங்கினது வெளியாளா அக்கா? குடும்பத்துக்குள்ளதானே இருக்கு."